ஆறாம் நிலையைத் துடைத்தவர்கள்

மார்ச் 3, திங்கள்

இன்று அருங்காட்சியகத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். இன்னொருவர் அவருக்காகக் காத்திருந்த மனைவி. இருவரையும் பார்வையாளர்களாகப் பதிந்துகொண்டேன். மார்ச் மாதத்தில் எங்கள் கடலோர ஊர் கப்-நுவாருக்கு இது பெருங்கூட்டம்.

மத்தியானம் எங்கள் பங்குக் குரு செலஸ்தேன் சாமி வந்தார். கேமரூனிலிருந்து வந்து நான்கு குளிர்காலம் ஆகிவிட்டது. இன்னும் பனியில் நடக்கும்போது தரையைச் சந்தேகத்தோடுதான் மிதிக்கிறார். எங்கள் பின்னறையை ஆறு வாரத்துக்குத் தரமுடியுமா என்றார். வடக்குப் பார்த்த, வெளிச்சம் மாறாத ஜன்னலும் வேலை செய்கிற ஹீட்டரும் ஒரே அறையில் இருப்பது ஊரில் இங்கே மட்டும்தானாம்.

விஷயம் இதுதான். கோவிலில் சிலுவைப்பாதைப் படங்கள், இயேசு சிலுவை சுமந்த வழியில் நிலைக்கு ஒன்றாக, பதினான்கு இருக்கின்றன. நூற்றிருபது வருட மெழுகுவர்த்திப் புகையும் அடுப்புப் புகையும் ஏறிக் கறுத்துக் கிடக்கின்றன. இயேசு யார், படைவீரன் யார் என்று தெரியாமல் குத்துமதிப்பாக ஜெபித்துக்கொண்டிருக்கிறோம். பங்குப் பேரவைத் தலைவி ஒசீத் சித்தி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு அச்சடித்த புதுப் படம் மாட்டவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். (சித்தி என்றால் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை. வயது எழுபத்துநாலு. அவள் பிங்கோ நடத்தும்போது ஆயரே அனுமதி கேட்டுத்தான் தும்முவார்.) சாமி ஒரு நடுவழி பிடித்திருக்கிறார். மான்ட்ரியலிலிருந்து பழைய ஓவியங்களைச் செப்பனிடும் ஒருத்தி வருகிறாள். ஒரே ஒரு படத்தைத் துடைத்துக் காட்டுவாள். ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று பங்கு மக்கள் கை தூக்கவேண்டும். பிடித்தால் மீதிப் பதின்மூன்றும் அவள் பொறுப்பு. பிடிக்கவில்லையென்றால் பதினான்கும் நிலவறைக்குப் போகும்.

"எந்தப் படம் சாமி?"

"ஆறாவது. வெரோணிக்கா துணியால ஆண்டவர் முகம் துடைக்கிறது. ஒசீத் அம்மா, வேற எத வேணும்னாலும் எடுங்க, அது வேணாம்னு சொன்னாங்க. இருக்கறதுலயே கறுப்பு அதுதானே, அத வெளுத்துக் காட்டினா ஜனங்க நம்புவாங்கன்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன்."

அறையைத் தந்துவிட்டேன். பேச்சுத்துணை கிடைக்குமே என்ற சுயநலம்தான்.

மார்ச் 6, வியாழன்

வந்துவிட்டாள். பெயர் கிஸ்லேன். ஐம்பது, ஐம்பத்திரண்டு இருக்கும். வெள்ளைக் கோட்டும் மெல்லிய விரல்களுமாக ஒருத்தியை நினைத்து வைத்திருந்தேன். வந்தவள் தோளும் காலணியும் பார்த்தால் இறால் படகில் வலை இழுப்பவள் மாதிரி இருக்கிறாள். இரண்டு பெட்டிகள். ஒன்றில் விளக்கு, பூதக்கண்ணாடி. இன்னொன்று முழுக்கப் பஞ்சு.

படத்தை மேஜையில் கிடத்தினாள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தாள். திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பிறகு — குனிந்து முகர்ந்து பார்த்தாள்! விரல் மட்டும் படவில்லை. நான் நாலு மணிக்குப் பொறுக்கமுடியாமல் கேட்டேன்:

"எப்ப ஆரம்பிக்கப்போறீங்க?"

"காலைல ஒம்பது மணிக்கே ஆரம்பிச்சாச்சு."

நானும் இந்தத் துறையில்தான் இருபத்திரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். பதிவாளர் என்பது என் பதவி. ஒவ்வொரு பொருளுக்கும் எண் போடுவது என் வேலை. ஒருதரம் வாசலில் கழற்றி வைத்த என் சொந்த ரப்பர் காலணிக்கே எண் போட்டு 'மீனவர் காலணி, சுமார் 1950' என்று எழுதிவிட்டேன். இரண்டு வருடம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வேறு காலணி வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

தவக்காலத்தின் முதல் சிலுவைப்பாதை, படம் படமாக நின்று ஜெபிப்பது. ஆறாம் நிலையில் வெறும் ஆணி. சாமி தயங்காமல் ஜெபத்தைச் சொன்னார். நாற்பது பேரும் ஒரு துருப்பிடித்த ஆணியின் முன் மண்டியிட்டோம். ஒசீத் சித்தி மட்டும் கண்ணைத் திறக்கவே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

கடவுளே. அவள் எச்சிலால் துடைக்கிறாள்.

பொய்யில்லை. மூங்கில் குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றுகிறாள், வாய்க்குள் வைத்து ஈரமாக்குகிறாள், படத்தின் மேல் உருட்டுகிறாள். தேய்ப்பதில்லை, உருட்டல்தான். பஞ்சு கரியாகிறது. அதை ஜாடியில் போட்டுவிட்டுப் புதுசு எடுக்கிறாள். படத்தைத் தொட்ட பஞ்சு திரும்ப வாய்க்குப் போகாது. அந்தமட்டும் சரி.

"இது… வந்து… எச்சில்தானே?"

"ஆமா. உலகம் முழுக்க நாங்க இதான் பண்றோம். எங்க ஆளுங்க வெளிய சொல்லிக்கறதில்ல."

"ஏன், தண்ணி இல்லியா ஊர்ல?"

"தண்ணி ஓடிரும், விரிசலுக்குள்ள போயிரும். இது உடம்புச் சூட்டுல இருக்கு, வழவழன்னு ஓடாம நிக்கும். அதோட ரொட்டியையும் கொழுப்பையும் வாயிலயே கரைக்க ஆரம்பிக்கிற சரக்கு இதுல இருக்கு. அழுக்குல பாதி அதுதான். நீங்க கொஞ்சம் வெளிச்சத்த மறைக்காம நிக்கறீங்களா அலீர்?"

நகர்ந்தேன். ஆனால் போகவில்லை.

மார்ச் 13, வியாழன்

மூன்று நாளாக என் வேலையை விட்டுவிட்டு அவள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதி வைக்கவேண்டும், இல்லையென்றால் பின்னால் நானே நம்பமாட்டேன்.

காலையில் காபி கிடையாது. முந்தின இரவு வெங்காயம் கிடையாது, வைன் கிடையாது. வந்ததும் வெந்நீரில் வாய் கொப்பளிக்கிறாள். தபால்தலை அளவு இடத்தை எடுத்துக்கொள்கிறாள். அதை முடிக்கும் வரை பக்கத்து இடத்தைப் பார்ப்பதுகூட இல்லை. ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு பஞ்சு. ஜாடிகளில் நாள்வாரியாக வைக்கிறாள். கரியை ஏன் சேர்த்து வைக்கிறாய் என்றேன். "நான் தப்புப் பண்ணியிருந்தா, எங்க பண்ணேன்னு பின்னாடி வர்றவங்க பார்க்கணுமில்ல?" என்கிறாள்.

இந்த ஊரில் தன் தப்பைப் பத்திரப்படுத்தி வைத்த ஆளை நான் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

மேல் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு வானம் தெரிகிறது. நீலம். நாங்கள் ஐம்பது வருடமாக அதைச் சுவர் என்று நினைத்திருந்தோம்.

"அழகா இருக்கு" என்றேன்.

"அது வரைஞ்சவன் வேலை. நான் நடுவுல நின்னத எடுக்கறேன், அவ்வளவுதான்."

மார்ச் 15, சனி

முடி வெட்டப் போனேன். சொல்லிவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

புகழ்ச்சியாகத்தான் சொன்னேன்! சத்தியமாக! "என்ன பொறுமை, என்ன நேர்த்தி, வெறும் எச்சிலை வெச்சுக்கிட்டு…" என்றுதான் ஆரம்பித்தேன். தெயோபீலின் கத்திரி அப்படியே நின்றது. நாற்காலியிலிருந்து நான் இறங்குவதற்குள் செய்தி கூட்டுறவுக் கடைக்குப் போய்விட்டது. அங்கிருந்து கோவில் வாசலுக்கு. வாசலில் அதன் வடிவம்: 'மான்ட்ரியல்காரி ஆண்டவர் முகத்துல துப்புறா.'

அதுவும் தவக்காலத்தில்! இயேசு பாடுபட்ட வரலாற்றில் அவர் முகத்தில் துப்பியவர்கள் யார்? படைவீரர்கள். இதை எனக்கு நினைவூட்ட இன்று காலை பதினோரு பேர் தொலைபேசினார்கள். அவர்களில் மூன்று பேர் கோவிலுக்கு வந்தே வருடக்கணக்காகிறது.

சாமி சமாதானப்படுத்தப் பார்த்தார். பேரவைக் கூட்டத்தில் சொன்னார்: "ஆண்டவரே துப்பித்தானே மண்ணக் கொழைச்சு குருடனுக்குப் பார்வை குடுத்தாரு?"

ஒசீத் சித்தி நாற்காலியிலிருந்து எழவே இல்லை. "அவரு துப்பலாம் சாமி. அவரு கடவுள். இவ மான்ட்ரியல்காரி."

அத்தோடு விவாதம் முடிந்தது.

மார்ச் 18, செவ்வாய்

வேலையை நிறுத்தச் சொல்லிப் பங்குப் பேரவையின் கடிதம். இருக்கிற நிலையிலேயே படத்தைத் திருப்பித் தரவேண்டும். வாக்கெடுப்புக்கு அதையே வைப்பார்களாம். மேலே ஒரு பட்டை வானம், கீழே கரி. எவன் கை தூக்குவான்? பதினான்கும் நிலவறைக்குத்தான்.

கிஸ்லேன் கடிதத்தைப் படித்தாள். என்னைப் பார்த்தாள்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"முடிவெட்டறவர்கிட்ட."

"ஒருத்தர்கிட்டதானா?"

"எங்க ஊர்ல அது போதும்."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. பஞ்சைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். இந்த வருடம் அவளுக்கு வேறு வேலை இல்லை என்று சாமி சொல்லித்தான் தெரியும். பதின்மூன்று படமும் கிடைக்கும் என்று நம்பி வேறொன்றை வேண்டாமென்று விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அட மடையா அலீர். அட வாயாடி.

மார்ச் 20, வியாழன்

படத்தைத் தொடக்கூடாது. ஜாடிகளைத் தொடலாமே? கிஸ்லேன் கடைசி நாள் பஞ்சுகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வானத்துக்குக் கீழே, ஆட்கள் இருக்கவேண்டிய இடத்தில் எடுத்தவை. மற்றவை கறுப்பு. இவை சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டு பாகு மாதிரி இருந்தன. என் முதலுதவிப் பெட்டியிலிருந்து அயோடின் கேட்டாள். ஒரு சொட்டு விட்டாள். பஞ்சு ஊதாவாகி, கருநீலமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் செய்த சோதனை.

"மாவுப்பசை," என்றாள். "யாரோ இத உருளைக்கிழங்கால தேய்ச்சிருக்காங்க."

"கிழங்காலயா!"

"பாதியா வெட்டித் தேய்ப்பாங்க. அந்தக் காலத்துல வீட்டுல, கோவில்ல எல்லா எடத்துலயும் பண்ணதுதான். புகை கொஞ்சம் வரும். ஆனா பசை தங்கிரும். அப்புறம் அதுமேல புகை ரெண்டு மடங்கு ஒட்டும். அதான் இது மட்டும் இவ்வளவு கறுப்பு." படத்தின் மேல் தொடாமல் கையால் ஒரு வளைவு காட்டினாள். "குட்டையான ஆளு. வலது கை. இங்க வரைக்கும் வந்திருக்கு, முகத்துகிட்ட பட்டுன்னு நிறுத்தியிருக்கு. பயந்துபோய் நிறுத்தின மாதிரி."

ஞாயிறுதோறும் அரைத்த கிழங்கு உருண்டை தின்கிற ஊர். சந்தேகப் பட்டியல் நீளம்தான்.

மார்ச் 22, சனி

முப்பத்தொன்றாம் புகைப்படப் பெட்டி. 'ஆயர் வருகை, மே 1968'. நானே எண் போட்டது, நானே மறந்தது.

பீடப் படியில் ஆறு பெண்கள், தலையில் துணி, காலடியில் வாளி. ஆயர் வருகைக்காகக் கோவிலைக் கழுவியிருக்கிறார்கள். பின்னால் பெஞ்சில் சாய்த்துவைத்த ஒரு படம். எல்லாரிலும் குட்டையானவள் முன்னால் நின்று சிரிக்கிறாள், வலது கையைக் கோப்பை வாங்கினவள் மாதிரி உயர்த்திக்கொண்டு. கையில் பாதி உருளைக்கிழங்கு. பதினேழு வயது ஒசீத் சித்தி.

இதை இரண்டு தரம் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பிறகு, என்னை நான் அறிவேன், கோட்டை மாட்டிக்கொண்டேன்.

அதே நாள்

வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். கிஸ்லேனிடம் காட்டினேன். இதை வைத்துச் சித்தியை மடக்கிவிடலாம் என்றேன். ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நாலு பேரிடம் காட்டினால் திங்கட்கிழமை வேலை ஆரம்பம்.

கிஸ்லேன் புகைப்படத்தில் அந்தப் பெண் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"இன்னும் இல்ல."

"அந்த 'இன்னும்' வேணாம், அலீர். பெட்டியில வைங்க."

"உங்க வேலை போயிரும்."

"போகட்டும். நான் படத்துக்கு வைத்தியம் பார்க்க வந்தவ. அந்தப் பொண்ணு என்ன கெடுக்கணும்னா தேய்ச்சா? ஆயர் வர்றாரு, ஆண்டவர் முகம் பளிச்சுனு இருக்கட்டும்னு தேய்ச்சா. நானும் அதத்தானே பண்றேன்?" புகைப்படத்தை என்னிடம் திருப்பித் தந்து, "படத்த எடுத்துட்டுப் போக தலைவியே வரணும்னு மட்டும் சொல்லுங்க. எந்த நிலைமையில தர்றேன்னு நேர்ல பார்க்கட்டும்" என்றாள்.

இருபத்திரண்டு வருடத்தில் இன்றுதான் இந்தத் துறையில் இருப்பதற்காகக் கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் பெருமையும் ஒன்றாக வந்தது. பெருமை அவளால். மற்றது என்னால்.

மார்ச் 25, செவ்வாய்

சித்தி வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை, தொப்பியைக் கழற்றவில்லை. "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள். என்னைப் பார்த்து, "நீ என்னடா இங்க? பட்டப்பகல்ல ஊர்ல பேச ஆள் கெடைக்கலியா?"

கிஸ்லேன் விளக்கைப் போட்டாள். வானத்தைக் காட்டினாள். சித்தி அதைப் பார்க்கவில்லை. நடுவில் இருந்த கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிஸ்லேன் சாதாரணக் குரலில், பால் காய்ச்சுவது பற்றிச் சொல்வதுபோல, கிழங்குக் கதையைச் சொன்னாள். யார் என்று சொல்லவில்லை. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் யாரோ.

"கெடுத்துட்டாங்க," என்றாள் சித்தி.

"இல்லியே."

"கெழங்குல பழுப்பா வந்திருக்குமே. முகமே வந்திருக்கும். தேய்ச்சவ பார்த்திருப்பாளே, பெயிண்ட் ஒட்டிட்டு வர்றத."

"வந்தது புகை. கொஞ்சம் பழைய வார்னிஷ். பெயிண்ட் அதுக்கு அடியில இருக்கு, ஒண்ணும் ஆயிருக்காது. முகம் அங்கதான் இருக்கணும்."

"இருக்கணுமா, இருக்கா?"

"எடுத்துப் பார்த்தாதான் தெரியும்."

சித்தி உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நூல் நூற்க உட்கார்ந்த நாற்காலி, எண் 214, உட்காரக்கூடாது என்று பலகை தொங்குகிறது. நான் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல்தடவை.

ஐம்பத்தேழு வருடம். ஒவ்வொரு தவக்காலமும் ஒவ்வொரு வெள்ளியும் ஆறாம் நிலையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். ஆண்டவர் முகத்தைத் துடைத்தே அழித்துவிட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

"அந்தக் கெழங்குப் பசைய எதால எடுக்கறது?" என்றாள் கடைசியில்.

கிஸ்லேன் ஒரு குச்சியை எடுத்தாள், பஞ்சு சுற்றினாள், வாயில் வைத்துக்கொண்டாள்.

சித்தி பார்த்தாள்.

"வேற வழியே இல்லியா?"

"இருக்கு. இதே சரக்க சீசாவுல அடைச்சு விக்கறாங்க. வர்றதுக்கு ஒரு மாசம் ஆகும். குருத்தோலை ஞாயிறு தாண்டிரும்."

சித்தி கைப்பையைத் திறந்தாள், மூடினாள். கோட்டைக் கழற்றினாள்.

"சரி. துப்பு," என்றாள். "ஆனா நான் பக்கத்துல இருப்பேன்."

மார்ச் 29, சனி

சித்தி தினமும் வருகிறாள். பின்னல் ஊசியோடு. பின்னுவதில்லை. நேற்றுத் தெயோபீல் வாசலில் தலை நீட்டி, "இன்னுமா துப்பறாங்க?" என்றான். சித்தி திரும்பாமலே சொன்னாள்: "ஆமா. உன் சலூன் கண்ணாடியையும் கொண்டா, பதினஞ்சு வருஷமா எவனும் தொடைக்கல."

ஊரில் இப்போது எதிர்ப்பு என்று எதுவும் இல்லை. யார் எதிர்ப்பது, யாரை?

ஏப்ரல் 3, வியாழன்

வெரோணிக்காவின் கை. வேலை செய்த கை, முட்டியெல்லாம் சிவப்பு. துணியில் நீலக்கரை.

முகம் இருக்கவேண்டிய இடத்துக்கு இன்னும் மூன்று தபால்தலை.

ஏப்ரல் 7, திங்கள்

காலை பத்தேகால்.

முதலில் ஒரு புருவம். கிஸ்லேன் ஓரத்தை முடிக்காமல் அடுத்ததற்குப் போகவில்லை; அதே நிதானம், அதே அளவு. பிறகு கண். பிறகு மூக்கு. நல்ல பெரிய மூக்கு, எங்கள் ஊர் ரொபிஷோ குடும்பத்து அசல் மூக்கு. வரைந்தவன் இந்த ஊரில் யார் வீட்டிலோ தங்கியிருக்கிறான், சந்தேகமே இல்லை. வாய் லேசாகத் திறந்திருக்கிறது, மூச்சு வாங்குகிறவர் மாதிரி. ஒரு கீறல் இல்லை. முழு முகம்.

ஒசீத் சித்தி எழுந்து வந்து பார்த்தாள். தொடவில்லை.

"இங்கதான் இருந்தீங்களா," என்றாள். எங்களிடம் இல்லை.

கிஸ்லேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பஞ்சு சுற்றினாள். அப்போதைக்குத் தேவையில்லாத பஞ்சு. பத்து, இருபது சுற்றியிருப்பாள். இப்படி ஒரு வேலையையும் பார்த்துக்கொண்டு, அதன் எதிரே நிற்கிற ஆளையும் விட்டுக்கொடுக்காமல் — எங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள் இதை?

நான் அழவில்லை. ஹீட்டர் புழுதி.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

வாக்கெடுப்பு. 112 கை தூக்கின. எதிர்ப்பு இரண்டு. ரொபிஷோக்கள் மொத்தமாகத் தூக்கினார்கள், சிலர் இரண்டு கையும். பூசைக்குப் பின் வரிசையாக நின்று படத்தோடு தங்கள் மூக்கை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

கிஸ்லேன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து வாரத்தில் முதல் காபி, பெரிய டம்ளரில்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை வழக்கமாக நாற்பது நிமிடம். இன்று ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆறாம் நிலையில் யாரும் நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் தள்ள ஆரம்பித்தார்கள். சாமி ஜெபத்தை இரண்டு தரம் சொன்னார்.

சித்தி கண்ணைத் திறந்துகொண்டு முழந்தாளிட்டிருந்தாள். எழுந்திருக்கக் கை கொடுத்தேன். "போடா அந்தப்பக்கம், மறைக்காத," என்றாள்.

ஏப்ரல் 23, புதன்

படத்துக்கான கோப்பை இன்று கிஸ்லேன் என்னிடம் ஒப்படைத்தாள். முப்பத்திரண்டு பக்கம். ஒவ்வொரு தபால்தலைக்கும் குறிப்பு. நான் எண் போட்டுக்கொண்டிருந்தபோது ஒசீத் சித்தி வந்தாள், படித்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். யார் கேட்டாலும் காட்டவேண்டும் என்பது விதி. எடுத்துக் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தாள். ஏழாம் பக்கத்தில் நின்றாள். 'இதற்கு முன் சுத்தம் செய்தவர்: தெரியவில்லை. காலம்: சுமார் 1960–70. பயன்படுத்தியது: உருளைக்கிழங்கு. படத்துக்குச் சேதம்: இல்லை.'

"இத யார் படிப்பாங்க?" என்றாள்.

"அடுத்த தடவ இத தொடைக்க வர்றவங்க," என்றாள் கிஸ்லேன். "நூறு வருஷம் கழிச்சு இருக்கலாம்."

"அவங்களுக்குத் தெரியணுமா?"

"தெரிஞ்சா நல்லது. தெரியலேன்னாலும் வேலை நடக்கும்."

சித்தி 'தெரியவில்லை' என்ற சொல்லில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, எழுத ஏதாவது கொடு என்று மற்றக் கையை நீட்டினாள். இந்த அறையில் எல்லாரும் பென்சிலால்தான் எழுதவேண்டும். உலகத்தில் எந்தக் காப்பகத்திலும் அப்படித்தான். நன்றாகச் சீவிய ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நுனியைப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இது அழிஞ்சிருமே, அலீர்."

கிஸ்லேனைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். பேனாவுக்கு அனுமதியில்லை என்ற பலகை என் தலைக்கு மேலேயே இருக்கிறது, என் கையெழுத்தில்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக் கொடுத்தேன்.